உரிக்கும்போது தெரியும்

ஸ்டிக்கர் வேலை எப்படி என்று பார்க்க ஒட்டிய அன்றைக்கு வராதீர்கள். அன்றைக்கு எல்லா ஸ்டிக்கரும் பளபளவென்றுதான் இருக்கும். ரெண்டு கோடை, ஒரு மழைக்காலம் போகட்டும். உரிக்கிற நாளில் வந்து பாருங்கள். நல்ல வேலையென்றால் மூலையில் நகத்தை விட்டுக் கிளப்பினதும் வாழைப்பட்டை மாதிரி முழுசாக வரும். மோசமான வேலையென்றால் சில்லுச் சில்லாக உடையும். பசை வண்டியிலேயே நிற்கும். சில சமயம் பெயின்டும் சேர்ந்து வரும். என்னைக் கேட்டால் ஒட்டத் தெரிந்தவன் பாதி மாஸ்டர்தான்.

ராயப்பேட்டையிலிருந்து அண்ணா சாலைக்குப் போகும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, எங்கள் வாயில் ஜி.பி. ரோடு, கார் சாமான்களுக்குப் பேர்போன இடம். சீட் கவர், ஹாரன், மியூசிக் சிஸ்டம், மேட் என்று கடை கடையாக இருக்கும். அந்தக் கடைகளை அண்டித்தான் எங்களைப் போன்றவர்களின் பிழைப்பு. முன்பு நம்பர் பிளேட்டும் ரேடியம் கட்டிங்கும்தான் எங்களுக்குச் சோறு போட்டன. 2019 ஏப்ரல் 1 முதல் புது வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயமானதும் அந்த வரும்படி மெல்ல வற்றியது. பலரும் பெரிய வண்டிகளின் பக்கம் திரும்பினோம். டெம்போ டிராவலர், சினிமா கேரவன், பிரசார வேன் எல்லாம் அப்படி வந்ததுதான்.

கேரவன் என்றால் என்னவோ வெள்ளைச் சுவர் மாதிரி நிற்கும், நேராக ஒட்டிவிட்டுப் போகலாம் என்று நினைப்பார்கள். கிட்டே போனால்தான் தெரியும். ஒரே வண்டியில் மூன்று விதமான தோல் இருக்கும். முன்பக்கம் கம்பெனி பெயின்ட். சுமார் 140 டிகிரி சூட்டில் வேகவைத்த பெயின்ட், எதற்கும் அசையாது. பக்கவாட்டில் பாடி பில்டர் அடித்த தகடு, அதன்மேல் பட்டி, பட்டியின்மேல் பட்டறையில் அடித்த பெயின்ட். பின்பக்கமும் மூலைகளும் ஃபைபர். அச்சிலிருந்து ஃபைபர் கழன்று வருவதற்காகப் பூசும் மெழுகு அதன்மேல் படிந்திருக்கும். அதை எடுக்காமல் ஒட்டினால் ஸ்டிக்கர் ஃபைபரில் ஒட்டாது, மெழுகில்தான் ஒட்டும். பெயின்ட் பூசாத கறுப்புப் பிளாஸ்டிக் பம்பர் இன்னொரு தலைவலி. சாதாரணப் பசை அதில் நிற்கவே நிற்காது.

அதனால் என் பையில் பிளேடுக்கு முன்னால் ஒரு காந்தம் இருக்கும். இரும்புத் தகட்டில் அதை நகர்த்திக்கொண்டே போனால், பட்டி கனமாக இருக்கும் இடத்தில் பிடி தளரும். அலுமினியத் தகட்டில் காந்தத்துக்கு வேலையில்லை, விரல் முட்டியால் தட்டிச் சத்தம் கேட்கவேண்டும். பட்டி உள்ள இடத்தைச் சாக்பீஸில் குறித்துவைப்பேன். நாளைக்கு உரிக்கும்போது பெயின்ட் கழன்று வரப்போவது அங்கேதான். அங்கே லேசான பசையுள்ள ஃபிலிமைப் போடுவேன், இல்லையென்றால் டிசைனையே நாலு அங்குலம் தள்ளிவிடுவேன். பார்ட்டிக்கு இது புரியாது. “ஏன் பாய், லோகோ நடுவுல இல்லையே?” என்பார்கள். நடுவில் வேண்டுமா, பெயின்ட் வேண்டுமா என்று கேட்டால் அமைதியாகிவிடுவார்கள்.

ஃபிலிமிலேயே ரெண்டு சாதி உண்டு. வினைல் கூழைத் தாளில் ஊற்றிக் காயவைத்து எடுப்பது காஸ்ட். சூடான உருளைகளுக்கு நடுவே அழுத்தி இழுத்துத் தகடாக்குவது காலண்டர்டு. இழுத்துச் செய்த பொருளுக்குத் தன் பழைய அளவு மறக்காது. வெயில் பட்டதும் சுருங்கப் பார்க்கும். பழைய ஸ்டிக்கரைச் சுற்றி மெல்லிசாக ஒரு கறுப்புக் கோடு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஃபிலிம் உள்ளே சுருங்கிவிட்டது, பசை வெளியே தங்கிவிட்டது, அந்தப் பசையில் மெட்ராஸ் தூசி உட்கார்ந்துவிட்டது. காஸ்ட் ஃபிலிமில் இது மிகக் குறைவு. தலைமுடி அளவுகூட கனம் இருக்காது, வளைவுக்கும் ரிவிட்டுக்கும் பணிந்து போகும். விலை மட்டும் பணியாது. ஆரகல் பிராண்டிலேயே 651 காலண்டர்டு, 970 காஸ்ட். கடையில் ரெண்டையும் தொட்டுப் பாருங்கள், கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம்.

ஒட்டுவதற்கு ராயப்பேட்டைத் தெருக்களில் கேரவனை நிறுத்த இடம் கிடையாது. வண்டி நிற்கும் இடத்துக்கு நாங்கள்தான் போகவேண்டும், பெரும்பாலும் விருகம்பாக்கம், சாலிகிராமம் பக்கம். காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தால் பத்துக்குள் ஒரு பக்கம் முடியும். அதன்பிறகு தகடு சுட ஆரம்பிக்கும். சுடுகிற தகட்டில் பசை தொட்ட இடத்திலேயே கவ்விக்கொள்ளும், எடுத்து நேராக்க விடாது. பிற்பகலில் கடற்காற்று வந்தால் சூடு இறங்கும், தூசி ஏறும். அதனால் சாயங்கால வேலையை நான் ஒப்புக்கொள்வதில்லை.

முதலில் வெறும் தண்ணீரில் கழுவவேண்டும். இந்த ஊரில் வண்டியின்மேல் கண்ணுக்குத் தெரியாமல் உப்பு படிந்திருக்கும். அப்புறம் ஷாம்பு. கடைசியில் ஐ.பி.ஏ. (ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால்) நனைத்த துணியால் ஒரு துடைப்பு, ஆவியாகும் முன்பே காய்ந்த துணியால் இன்னொரு துடைப்பு. பாலிஷ் போட்ட வண்டியென்றால் இதை ரெண்டு தரம் செய்தாக வேண்டும், சிலிகான் அவ்வளவு சீக்கிரம் போகாது.

பதினைந்தடி நீளப் பட்டையை ஒட்டும்போது ரெண்டு பேர் வேண்டும். முதலில் நூல் பிடித்து, மாஸ்கிங் டேப்பால் பட்டையை அப்படியே தகட்டில் தொங்கவிட்டு, பத்தடி தள்ளி நின்று பார்ப்பேன். வண்டி நிற்கும் தரை சரிவாக இருந்தால் ரசமட்டம் பொய் சொல்லும். ஜன்னலின் கீழ்விளிம்புதான் எனக்கு அளவு, பார்க்கிறவன் கண்ணும் அதைத்தான் பிடிக்கும். நடுவில் குறுக்காக ஒரு டேப்பைப் போட்டு இறுக்கிவிட்டு, ஒரு பக்கத்துப் பின்தாளை மட்டும் உரிப்போம்.

“அண்ணே, இழுக்கட்டுமா?”

“இழுக்காத தம்பி. புடி, போதும். நான் வரேன்.”

இந்தத் தொழிலில் பையன்களுக்கு நான் அதிகம் சொல்வது இதைத்தான். இழுத்து ஒட்டினால் அன்றைக்கு நன்றாகப் படியும், ஆனால் இழுத்த இடமெல்லாம் வெயிலில் திரும்பப் போகும். ஃபிலிமைத் தேய்க்கும் ஸ்க்வீஜியின் ஓரத்தில் வெல்வெட் துணி ஒட்டியிருப்போம். நடுவிலிருந்து வெளியே, ஒரு தேய்ப்பின்மேல் பாதி அடுத்த தேய்ப்பு விழுகிற மாதிரி போகவேண்டும். பசையில் காற்று வெளியேற வாய்க்கால் உள்ள ஃபிலிம் என்றால் சோப்புத் தண்ணீர் கூடாது, வாய்க்காலில் தண்ணீர் தங்கிவிடும். அந்த வசதி இல்லாத சாதாரண ஃபிலிமுக்குத்தான் தண்ணீர். குமிழி நின்றால் ஊசியால் அதன் ஓரத்தில் ஒரு குத்து, அவ்வளவுதான். பிளேடு வைத்தால் அந்தக் கீறல் நாளைக்கு வாய் பிளக்கும். ரெண்டு ஃபிலிம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் கீழே உள்ளதை முதலில், மேலே உள்ளதைப் பிறகு ஒட்டவேண்டும். ஓடு வேய்கிற கணக்குதான், மழைத்தண்ணீர் இடுக்கில் நுழையாது. அதேபோல பின்பக்கம் முதலில், முன்பக்கம் அப்புறம். அப்போதுதான் ஓடும் வேகத்தில் காற்று ஓரத்தைக் கிளப்பாது. கூர்மூலை எதையும் விடமாட்டேன், எல்லாவற்றையும் வளைத்துத்தான் வெட்டுவேன்.

உள்வாங்கிய பள்ளங்களில் கடைசியில் ஹீட் கன் காட்டி 90 டிகிரிக்கு மேல் சூடேற்றி ஆறவிட்டால்தான் ஃபிலிம் தன் பழைய வடிவத்தை மறக்கும். அவசரப்படும் பார்ட்டிக்காக இதைத்தான் முதலில் கைவிடுவார்கள். “சீக்கிரம் மாஸ்டர், மத்தியானம் ஷூட்டிங் போகணும்” என்கிற மேனேஜரிடம் நான் பேச்சுக் கொடுப்பதில்லை.

தேர்தல் வந்தால் எங்கள் தெருவின் முகமே மாறும். காங்கிரஸின் சத்தியமூர்த்தி பவன் ஜி.பி. ரோட்டிலேயே இருக்கிறது. அ.தி.மு.க. தலைமையகம் ராயப்பேட்டை அவ்வை சண்முகம் சாலையில். தி.மு.க.வின் அறிவாலயம் தேனாம்பேட்டையில், கூப்பிடு தூரம். எல்லாக் கட்சியையும் ஒட்டுவோம், எல்லாக் கட்சியையும் உரிப்போம்.

பிரசார வேனுக்கு மலிவான ஃபிலிம் போடுவதில் தப்பில்லை. ஒன்றரை மாத வேலைக்குக் காஸ்ட் ஃபிலிம் தண்டச்செலவு. தப்பு, சமயத்தில் உரிக்காமல் விடுவதில்தான். தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு 2019-இல் ஏப்ரல் 18, 2021-இல் ஏப்ரல் 6, 2024-இல் ஏப்ரல் 19. மே 4 வாக்கில் கத்திரி தொடங்கிவிடும். வாக்கு எண்ணட்டும், ஜெயித்தால் ஊர்வலம் போகலாம் என்று ஸ்டிக்கரோடு நிறுத்திவைப்பார்கள். 2024-இல் எண்ணியது ஜூன் 4. முழுக் கத்திரியும் அந்த மலிவு ஃபிலிமின்மேல் காய்ந்தது. அதை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்ப்பசை வெளியேறிவிட்டால் அப்பளமாக நொறுங்கும். தலைவர் முகம் காதோரம் தனி, மூக்கு தனி என்று வரும். ஒரு வண்டிக்கு ஒரு நாள் ஆகவேண்டிய வேலை மூன்று நாளாகும்.

உரிப்பதற்குச் சூடு வேண்டும், ஆனால் இதமான சூடு. காலை பத்து மணி வெயிலில் வண்டியைத் திருப்பி நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது. ஃபிலிமைத் தகட்டை ஒட்டினாற்போல் மடித்து, அவசரமில்லாமல் இழுக்கவேண்டும். வெடுக்கென்று இழுத்தால் பசை பிரிந்து வண்டியில் தங்கும். தங்கிய பசைக்கு உடனே தின்னரைத் தேடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். பட்டறையில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் அடித்த வண்டியென்றால் தின்னர் பசையோடு பெயின்டையும் கரைக்கும். மண்ணெண்ணெய் போதும். துணியில் நனைத்துப் போட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வந்து துடைத்தால் போகும். பிறகு சோப்பு போட்டுக் கழுவிவிடவேண்டும்.

எல்லாம் எடுத்தபிறகும் பழைய எழுத்தின் உருவம் நிழல்போலத் தெரியும். சுற்றியுள்ள பெயின்ட் வெயிலில் வெளுத்துவிட்டது, ஸ்டிக்கருக்கு அடியில் இருந்தது வெளுக்கவில்லை. பாலிஷில் கொஞ்சம் மங்கும், முழுசாகப் போகாது. அதைப் போக்குவேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வண்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டக் கொடுப்பவர்கள் பில்லில் ஃபிலிமின் கம்பெனியையும் நம்பரையும் எழுதி வாங்குங்கள். வெறுமனே ‘வினைல்’ என்று எழுதித் தந்தால் திருப்பிக் கொடுங்கள். அந்தப் பில்லைத் தேதியோடு ஆர்.சி. நகலுடன் வையுங்கள்; உரிக்க வரும்போது கொண்டுவந்தால் எங்களுக்குப் பாதித் தலைவலி குறையும். பிரசார வண்டிக்காரர்கள் வாக்குப்பதிவு முடிந்த வாரமே வந்துவிடுங்கள். ஜூன் மாதம் வந்தால் கூலி ரெண்டு மடங்கு.