தராசில் ஏறிய குடும்பம்

சோழநாட்டுப் பழையாறையில் வாழ்ந்த வணிகர் அமர்நீதியார். பொன், முத்து, மணி, துகில் ஆகியவற்றை நேரிய வழியில் விற்றுப் பொருள் ஈட்டினார். சிவனடியார்க்கு அமுதளித்து, கந்தையும் கீளும் கோவணமும் கொடுப்பதே அவருக்கு இன்பம். திருநல்லூர் இறைவன்பால் கொண்ட அன்பால் அங்கு மடம் அமைத்து, மனைவி மகனோடு குடியேறினார்.

ஒருநாள் அங்கு வந்த பிரமசாரி ஒருவர், தம் தண்டில் கட்டியிருந்த இரு கோவணங்களுள் ஒன்றை அவரிடம் ஒப்படைத்து நீராடச் சென்றார். திரும்பி வந்து கேட்டபோது, வைத்த இடத்தில் அதைக் காணவில்லை. புதியதொன்று தர முன்வந்தார் வணிகர். பிரமசாரியோ, தண்டிலிருந்த மற்றொன்றின் எடைக்கு எடை கோவணம் வேண்டும் என்றார்.

தராசு நாட்டப்பட்டது. மடத்திலிருந்த கோவணங்கள் ஏறின. துகிலும் பொன்னும் மணியும் ஏறின. தட்டு நேராகவில்லை. எஞ்சியவர் மூவரே. அடியார் தொண்டில் தாம் தவறவில்லையெனில் தட்டு ஒத்து நிற்கட்டும் என்று சொல்லி, மனைவி மகனோடு அவரும் ஏறினார். தட்டுகள் சமமாயின. வந்தவர் சிவபெருமானே என்று பெரியபுராணம் காட்டுகிறது.

பிறர் நம்பி ஒப்படைத்த பொருளுக்குக் கடைவீதி விலை கிடையாது. அந்த நம்பிக்கையே அதன் எடை. வணிகர் அதை அறிந்திருந்தார். அவர் இல்லத்தாரும் அறிந்திருந்தனர். ஆனிப் பூரத்தன்று அமர்நீதியாரை வணங்கும்போது, அவருடன் ஏறி நின்ற அம்மையாரையும் பிள்ளையையும் சேர்த்தே வணங்குவோம்.