கருவுற்ற சகோதரியும் மலேரியா மாத்திரையும்

பெண்களுக்கான வாராந்தர வகுப்பு முடிந்ததும், சென்னையில் வசிக்கும் சகோதரி ஒருவர் தயக்கத்துடன் நம்மை அணுகினார். ஐந்து மாதக் கர்ப்பிணியான அவருடைய மகளுக்கு மலேரியா. மருத்துவர் மூன்று நாட்களுக்குக் குளோரோகுயின் மாத்திரை கொடுத்திருக்கிறார். மாமியாரோ, "மாத்திரை பிள்ளையைப் பாதிக்கும், துஆச் செய்வோம், அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று தடுத்துவிட்டாராம். அன்றே மருத்துவரிடம் திரும்பிச் செல்லுமாறு கூறினோம்.

அந்த மூதாட்டியின் அச்சத்தை நாம் குறைகூறவில்லை. கருவிலுள்ள உயிர் அமானிதம் அல்லவா? ஆனால் நோய் அந்தக் கருவுக்குச் செய்யும் தீங்கை அவர் அறிந்திருக்கவில்லை. மலேரியா தாயின் சிவப்பணுக்களை அழித்து இரத்தசோகையை உண்டாக்குகிறது. ஃபால்சிபாரம் வகைக் கிருமிகள் நச்சுக்கொடியிலேயே குவிந்து, சிசுவுக்குச் செல்லும் ஊட்டத்தைக் குறைக்கின்றன. கருச்சிதைவு, குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தை எனப் பாதிப்புகள் நேரலாம். குளோரோகுயினோ பல்லாண்டுகளாகக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்பட்டு வருவது. மலேரியாவுக்குரிய அளவில் அது கருவுக்கு ஊனம் விளைவிப்பதாக அறியப்படவில்லை. சென்னையில் பெரிதும் காணப்படும் வைவாக்ஸ் வகைக்கு அதுவே மருந்து. ஃபால்சிபாரம் வகைக்கு, முதல் மூன்று மாதங்களிலும் ஆர்ட்டிமெதர்–லூமிஃபான்ட்ரின் கூட்டு மருந்தை உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது.

எனினும் எல்லா மாத்திரைகளும் ஒன்றல்ல. வைவாக்ஸ் கிருமி கல்லீரலில் ஒளிந்திருந்து மீண்டும் காய்ச்சலைக் கொண்டுவரும். அதை ஒழிக்க மற்றவர்களுக்கு 14 நாட்கள் தரப்படும் பிரைமாகுயின், கர்ப்பிணிக்குக் கூடாது. ஜி6பிடி என்னும் நொதி குறைந்தவர்களின் சிவப்பணுக்களை அது சிதைத்துவிடும். தாய்க்கு அக்குறை இல்லாவிடினும் வயிற்றிலுள்ள சிசுவுக்கு உண்டா என்பதை எளிதில் அறிய இயலாது. டாக்சிசைக்ளினும் அவ்வாறே, கருவின் பல், எலும்பு வளர்ச்சியைக் கருதி அது தவிர்க்கப்படுகிறது.

ஆகவே கணவருக்கு வாங்கி மிஞ்சிய மாத்திரையை மனைவி விழுங்குவது ஆபத்தானது. கண்ணேறுக்கு அஞ்சி முதல் மூன்று மாதங்கள் கர்ப்பத்தை மறைப்பது நம் குடும்பங்களில் வழக்கம். உறவினரிடம் மறைக்கட்டும், மருத்துவரிடம் மறைக்கலாகாது. நாள் தள்ளிப்போயிருந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும்.

சிசுவுக்குத் தீங்கு நேரும் என்று அஞ்சும் கர்ப்பிணிக்கு ரமழானின் கடமையான நோன்பையே பிற்படுத்தச் சலுகை அளித்த மார்க்கம் இது. மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியுள்ளார்கள். துஆவும் மாத்திரையும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

பிரசவத்திற்குப் பின் பிரைமாகுயினை எப்போது தொடங்கலாம் என்பதை, பாலருந்தும் குழந்தையின் வயதையும் ஜி6பிடி பரிசோதனையையும் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். அதற்குள் காய்ச்சல் திரும்பினால் தாமதமின்றி இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.