பெருங்காய டப்பாவின் பின்பக்கம்

கொச்சி மட்டாஞ்சேரியின் பஜார் ரோட்டில் மிளகும் சுக்கும் மூட்டை மூட்டையாகக் கிடந்த பழைய பண்டகசாலைகள் சில, இன்று விலை உயர்ந்த உணவகங்களாகிவிட்டன. ஓட்டுக் கூரை, மரத்தூண்கள், காயலைப் பார்த்த மேசை. கோதுமை அறவே ஆகாத சீலியாக் நோய்க்காரர் ஒருவர் அங்கே வந்து உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். புரோட்டாவையும் ரொட்டியையும் தள்ளிவிட்டு, சோறும் 'தாளிதோய்' என்ற கொங்கணிப் பருப்பும் கேட்கிறார். "தைரியமா சாப்பிடுங்க சார், இதுல கோதுமையே கிடையாது" என்கிறார் பரிமாறுபவர். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கோதுமை தாளிப்பில் இருக்கிறது.

கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயம் முழுக்கப் பெருங்காயம் இல்லை. அசல் பிசினின் நெடி கடுமையானது என்பதால் வேலம்பிசினும் மாவும் கலந்தே கட்டியாகவும் தூளாகவும் விற்கிறார்கள். அரிசி மாவு சேர்ந்தவையும் உண்டு. ஆனால் பல டப்பாக்களில் இருப்பது மைதா. சீலியாக் நோய்க்கு கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தை வாழ்நாள் முழுக்க ஒதுக்குவது ஒன்றே சிகிச்சை. இந்தியாவில் ஒரு பொட்டலத்தில் 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட வேண்டுமானால், கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது. ஒரு சிட்டிகைதானே என்று விட்டுவிட முடியாத கணக்கு இது. அரிசிச் சாப்பாடு என்று நாம் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் வாழையிலையிலும், சாம்பாரிலும் ரசத்திலும் ஊறுகாயிலும், இதே ஆபத்து உட்கார்ந்திருக்கிறது.

தாளிதோய்க்குள் அந்தப் பெருங்காயம் வந்ததற்கும் ஒரு கட்டுப்பாடுதான் காரணம். 16ஆம் நூற்றாண்டில் கோவாவில் போர்த்துகீசியரின் கெடுபிடிக்குத் தப்பி வந்த கௌட சாரஸ்வதர்கள் இங்கே செர்லாய்ப் பகுதியில், திருமலை தேவஸ்வம் கோயிலை ஒட்டி வேர்விட்டார்கள். அவர்களில் பலர் மீன் சாப்பிடுகிறவர்கள். ஆனால் கோயில் சமையலிலும் விரத நாள் சமையலிலும் வெங்காயமும் பூண்டும் நுழையாது. அவை விட்டுப்போன மணத்தை நிரப்புவது பெருங்காயம். சற்று நடந்தால் குஜராத்தி ரோடு. அங்குள்ள சமணர் வீடுகளில் வெங்காயம், பூண்டோடு உருளைக்கிழங்கும் கேரட்டும்கூட விலக்கு. அங்கேயும் கைகொடுப்பது பெருங்காயம். ஒருவருடைய விரதத்தைக் காப்பாற்றும் பொருள் இன்னொருவருடைய குடலின் உட்சுவரைச் சிதைக்கிறது. 'சுத்த சைவம்' என்ற பதில் இந்த இருவரில் ஒருவருக்குக்கூடப் போதாது.

யூதத் தெருவுக்கு வந்தால் விதி வேறு. 1568இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயத்தைச் சுற்றி வாழ்ந்தவர்களுக்கு இறைச்சியும் பாலும் ஒரே உணவில் சேரக்கூடாது. கேரளத்தின் தேங்காய்ப்பால் அவர்களுக்கு வரமாக அமைந்தது. கோழிக்கறி குழைவாகவும் வந்தது, விதியும் கெடவில்லை. பெசாக் (யூதர்களின் பாஸ்கா) திருநாள் அரிசியை மணி மணியாகப் பொறுக்கிச் சுத்தம் செய்த சமையலறைகள் அவை. அவர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். அந்தக் கோழிக்கறியின் பெயர் மெனு அட்டைகளில் தங்கிவிட்டது. பளபளப்புக்காக இறக்கும்போது ஒரு கரண்டி வெண்ணெய் விட்டால், அந்தக் கணமே அது யூதர் வீட்டுக் கறி இல்லை. தேங்காய்ப்பால்தானே என்று நம்பிக் கேட்ட பால் ஒவ்வாதவருக்கும் அது ஆகாது. கெட்டியாக்க முந்திரி விழுது சேர்த்தால், கொட்டை ஒவ்வாமை உள்ளவருக்கு மூச்சே திணறலாம். பெயர் மாறாமல் உள்ளிருப்பது மாறுவதுதான் பெரிய உணவகங்களின் பெரிய ஆபத்து.

சமணருக்குப் பொழுதும் ஒரு விதி. இருட்டிய பின் உண்பதில்லை. வந்தவாசி, மேல்சித்தாமூர்ப் பக்கத்துத் தமிழ்ச் சமணர் குடும்பங்களிலும் இந்த வழக்கம் உண்டு. கொச்சியில் டிசம்பரில் சூரியன் 6 மணி தாண்டியதும் மறைந்துவிடும், ஜூலையில் 6.50 வரை போகும். உயர்தர உணவகங்கள் பலவும் இரவுச் சாப்பாட்டைத் தொடங்குவதே 7 மணிக்கு. வெங்காயமில்லாமல் எவ்வளவு அக்கறையாகச் சமைத்தாலும், அந்தத் தட்டு வரும்போது அவர்களுக்கு வேளை கடந்திருக்கும்.

சட்டம் கொஞ்சம் துணைக்கு வந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பரிலிருந்து 14 ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றி உணவகங்களும் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் 2022 ஜூலை 1 முதல், மத்திய உரிமம் பெற்ற அல்லது 10 இடங்களுக்குக் குறையாமல் கிளை வைத்திருக்கும் உணவகங்கள் குளூட்டன் உள்ள தானியம், பால், முட்டை, மீன், நிலக்கடலை, சோயா முதலியவற்றைத் தெரிவிக்க வேண்டும். பண்டகசாலையில் ஒற்றைக் கடையாக நடக்கும் உணவகம், எவ்வளவு விலை வாங்கினாலும், இந்த வரம்புக்கு வெளியே நின்றுவிடக்கூடும்.

எனவே எல்லாம் மேசைக்கும் அடுப்புக்கும் நடுவே நடப்பவரிடம் வந்து நிற்கிறது. அவர் "ஒண்ணும் ஆகாது சார்" என்று சொல்லாமல், "உள்ளே கேட்டுட்டு வர்றேன்" என்று சொல்ல வேண்டும். இன்னும் மேலாக, பெருங்காய டப்பாவையே எடுத்துவந்து, பின்பக்கத்துப் பொடி எழுத்தை விருந்தாளியோடு சேர்ந்து படிக்கலாம். மைதா என்று இருந்தால், தாளிப்பதற்கு முன் ஒரு கிண்ணம் பருப்பைத் தனியே எடுத்து, கீறிய பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் தேங்காயெண்ணெயும் சேர்த்துக் கொடுக்க ஐந்து நிமிடம் ஆகும்.