சுகர் போல்: 1956இல் ஒரு கறுப்பின வீரர்

வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தைப் பல ஆண்டுகள் தயாரித்தவன் நான். விளையாட்டுச் செய்திகளைப் பக்கத்தில் எஞ்சும் இடத்தை நிரப்புவதற்கே பெரும்பாலும் பயன்படுத்தியிருக்கிறேன். அமெரிக்க உதைபந்தாட்டத்தின் விதிகள் இன்றும் எனக்கு முழுமையாக விளங்குவதில்லை. (காலால் உதைப்பதைவிடக் கையில் ஏந்தி ஓடுவதே அதில் அதிகம்!) ஆயினும், நியூ ஓர்லியன்ஸ் நகரில் 1935 முதல் நடைபெற்றுவரும் 'சுகர் போல்' என்னும் பல்கலைக்கழகப் போட்டியின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம், 1956 ஜனவரி 2ஆம் திகதியைத் தாண்டிச் செல்ல மனம் வருவதில்லை.

அன்று ஜோர்ஜியா ரெக் அணியை எதிர்கொள்ளவிருந்த பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழக அணியில் பொபி கிரியர் என்ற கறுப்பின வீரர் இருந்தார். அதற்குமுன் சுகர் போலில் கறுப்பினத்தவர் எவரும் ஆடியதில்லை. ஜோர்ஜியா ஆளுநர் மார்வின் கிறிபின், தமது மாநில அணி அங்கு செல்லக்கூடாது என்றார். அலபாமாவில் றோசா பார்க்ஸ் கைதாகி ஒரு நாள்தான் கழிந்திருந்தது. அதிசயம் என்னவெனில், ஆளுநருக்கு எதிராகத் தெருவில் இறங்கியவர்கள் வெள்ளை மாணவர்கள். அவரது கொடும்பாவியை எரித்தார்கள். அவர்களில் எத்தனை பேர் நீதிக்காக வந்தனர், எத்தனை பேர் ஆட்டம் தவறிவிடும் என்று வந்தனர் என்பதைப் பிரித்துச் சொல்வது கடினம். பல்கலைக்கழக ஆட்சிக் குழு அணி செல்ல அனுமதித்தது. ஆனால், ஜோர்ஜியாவுக்குள் நடக்கும் ஆட்டங்களுக்கு இனப்பிரிப்பு விதியை விட்டுக்கொடுக்கவில்லை.

ஆட்டத்தின் முற்பகுதியிலேயே, பந்தைப் பிடிக்க வந்த எதிரணி வீரரைத் தடுத்ததாகக் கிரியர்மீது தவறு சாட்டப்பட்டது. தன்னைப் பின்னாலிருந்து தள்ளினார்கள் என்பதே கிரியரின் வாதம். அந்தத் தீர்ப்பினால் கிடைத்த வாய்ப்பில் ஜோர்ஜியா ரெக் பெற்ற 7 புள்ளிகளே முழு ஆட்டத்தின் புள்ளிகள், பிற்ஸ்பேர்க்குக்குப் பூச்சியம். அதே ஆட்டத்தில் பந்துடன் அதிக தூரம், 26 யார், ஓடியவரும் கிரியர்தான்.

அவ்வாண்டே லூசியானா சட்டசபை, வெள்ளையரும் கறுப்பினத்தவரும் சேர்ந்து விளையாடுவதைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. 1959இல் உச்ச நீதிமன்றத்தில் அச்சட்டம் தோற்றது. ஆனாலும் 1965 ஜனவரியில் சிரக்கியூஸ் அணி வரும்வரை, சுகர் போல் மைதானத்தில் இன்னொரு கறுப்பின வீரர் காலடி வைக்கவில்லை. அன்று எதிரே நின்ற லூசியானா மாநிலப் பல்கலைக்கழக அணியில் அனைவரும் வெள்ளையரே.