பீச் மரக் காட்டில் ஒரு கடைசல் பட்டறை

இங்கிலாந்து என்றதும் நம்மவர் மனத்தில் எழுபவை புகை கக்கும் ஆலைகளும் ஓயாது சுழலும் யந்திரங்களுமே. கைத்தொழிலை யந்திரம் விழுங்கிய கதைக்குப் பிறப்பிடமே அந்நாடுதான். ஆயினும், லண்டன் மாநகருக்குச் சுமார் 30 மைல் தூரத்தில், சில கட்டைகளும் ஒரு கம்பும் ஒரு கயிறுமே மூலதனமாகக் கொண்ட ஒரு கைத்தொழில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் உயிருடன் இருந்தது. அதன் சுவடுகளைக் காணவே நாம் ஹை விக்கம் என்னும் ஊருக்குப் பிரயாணமானோம்.

மேரிலபோன் நிலையத்தில் ரயில் ஏறினால் சிறிது நேரத்துக்கெல்லாம் நகரம் பின்தங்கிச் சில்டர்ன் குன்றுகள் தோன்றுகின்றன. சுண்ணப் பாறையாலான அக்குன்றுகளின் சரிவெங்கும் பீச் மரங்கள் ஓங்கி நிற்கின்றன. அம்மரங்களால் வாழ்ந்த ஊர் ஹை விக்கம். நாற்காலிதான் அதன் புகழ். அவ்வூர்க் கால்பந்துக் குழுவினருக்குக்கூட ‘நாற்காலிப் பையன்கள்’ என்றுதான் செல்லப் பெயர்! 1875-ல் அங்கு நாளொன்றுக்குச் சுமார் 4,700 நாற்காலிகள் செய்யப்பட்டனவாகக் கணக்குக் கூறுகிறார்கள். அப்படியானால் தினமும் 18,000-க்கு மேற்பட்ட கால்கள் வேண்டுமல்லவா? அவற்றில் பெருந்தொகையைக் கடைந்து கொடுத்தவர்கள் காட்டிலே இருந்தார்கள். அவர்களுக்குப் ‘பாட்ஜர்’ என்று பெயர்.

பாட்ஜர், காட்டில் சில மரங்களை விலை பேசி வாங்குவார். அவ்விடத்திலேயே குடிசை போட்டுப் பட்டறை அமைப்பார். பாரமான மரத்தை ஊருக்கு இழுத்துச் செல்வதைவிட, இலேசான கருவியை மரத்தினிடம் கொண்டு செல்வது எளிதன்றோ?

அத்தகைய பட்டறை ஒன்றை இன்றும் நடத்திவரும் ஒருவரைக் காட்டோரத்தில் சந்தித்தோம். அதன் அமைப்பை நேயர்கள் தம் வீட்டிலேயே செய்து பார்க்கலாமாதலால் சற்று விரிவாகக் கூறுகிறோம். முழங்கை உயரத்தில், இரண்டு நீண்ட சட்டங்கள் நடுவே இடைவெளி விட்டுக் கால்களின்மேல் பொருத்தப்பட்டிருக்கின்றன. அந்த இடைவெளியில் இரண்டு தடித்த கட்டைகள் செங்குத்தாக நின்று, கீழே ஆப்புகளால் இறுக்கப்படுகின்றன. ஒவ்வொன்றிலும் ஓர் இரும்பு முனை உண்டு. கடைய வேண்டிய மரத்தை இவ்விரு முனைகளுக்கிடையே மாட்டி, முனைகளில் சிறிது கொழுப்பு அல்லது எண்ணெய் தடவுகிறார்கள். உளி சாய்ந்து நிற்க முன்புறம் ஒரு குறுக்குக் கட்டை உண்டு. மேலே 12 அடிக்குக் குறையாத ஓர் இளமரக் கம்பு. அதன் அடிப்பாகம் தரையில் கட்டுண்டு, நடுவில் கவட்டுக் கம்பின்மேல் படிந்து, நுனி பட்டறைக்குமேல் நீண்டிருக்கிறது. நுனியிலிருந்து இறங்கும் கயிறு, மரத்தை இரு சுற்றுச் சுற்றிக் காலடியிலுள்ள மிதிகட்டையில் முடிகிறது. அவ்வளவுதான் யந்திரம்!

மிதித்தால் கம்பு வளைந்து, மரம் கடைபவரை நோக்கிச் சுழல்கிறது. அப்போது உளி சீவும். காலை எடுத்தால் கம்பு நிமிர்ந்து மரத்தைத் திருப்பிச் சுழற்றுகிறது. அப்போது உளியைச் சற்றே விலக்க வேண்டும். நாமும் மிதித்துப் பார்த்தோம். கால் ஒரு தாளமும் கை அதற்கிசைந்த மற்றொரு தாளமும் பிடிக்கவேண்டிய வித்தை இது. பச்சை மரமாதலால் சுருள் சுருளாகச் சீவல் பறக்கிறது. மரத்தை முதலில் ஆப்படித்துப் பிளந்து, கைக்கோடரியால் செதுக்கி, இருபுறமும் பிடியுள்ள கத்தியால் இழைத்துவிடுவதால் கடைசலுக்கு மிஞ்சும் வேலை கொஞ்சமே.

பாதி நேரம் உளி சும்மா இருக்கிறதே என்று கேட்கலாம். ஒரே திசையில் சுழலும் மிதிச்சக்கரக் கடைசலைப் பதினைந்தாம் நூற்றாண்டிலேயே லியனார்டோ டாவின்ஸி வரைந்து வைத்துவிட்டார். ஆனால் கனத்த சக்கரத்தைக் காடு மாறும்போதெல்லாம் சுமப்பது யார்? கம்போ போகுமிடத்தில் கிடைக்கும்.

இத்தனை எளிய கருவி ஏன் அழிந்தது? பாட்ஜர் கால்களையும் குறுக்குக் கட்டைகளையும் மட்டுமே செய்தார். 144 கொண்ட ‘குரோஸ்’ கணக்கில், அதாவது 36 நாற்காலிகளுக்கான கால்களை ஒரு தொகையாக, அவை பட்டணத்துக்குப் போயின. ஆசனப் பலகையைச் செதுக்குவோரும் பாகங்களைக் கூட்டுவோரும் பட்டணத்துப் பட்டறைகளில் இருந்தனர். நாற்காலிக்கு விலை கூறியவர் முதலாளி. கருவி பாட்ஜரின் கைக்குள் இருந்தது, விலை இல்லை. விசைக் கடைசல் கால்களை விரைவாகத் தள்ளத் தொடங்கியதும், காட்டுப் பட்டறைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. 1962-ல் காலமான ஸாமுவேல் ராக்கல் இத்தொழிலின் கடைசித் தலைமுறையைச் சேர்ந்தவர்.

எனினும் வித்தை மடியவில்லை. இதில் ஆர்வங்கொண்டோர் 1990-ல் சங்கமே அமைத்துவிட்டனர். நாம் கண்டவர் காலோடு நிறுத்தாமல், நாற்காலி முழுவதையும் தாமே செய்கிறார். விலையையும் தாமே கூறுகிறார். கற்க வருவோருக்குக் கற்றும் கொடுக்கிறார். கருவியைச் சொந்தமாக்கிக் கொள்வது பாதிச் சுதந்திரமே. செய்த பொருளுக்குத் தானே எஜமானனாவது மற்றப் பாதி. பழைய பாட்ஜருக்குக் கிட்டாத அந்த மற்றப் பாதி இவருக்குக் கிட்டியிருக்கிறது.

நீண்ட கம்புக்கு வீட்டில் இடமில்லையே என்று நேயர்கள் தயங்க வேண்டாம். பட்டறையின் இருபுறமும் உயரமான இரண்டு கால்களை நாட்டி, அவற்றிடையே இழுபடும் ரப்பர்க் கயிற்றைக் கட்டினால் அதுவே கம்பின் வேலையைச் செய்யும். விடுமுறை நாட்களில் பிள்ளைகளுடன் இதைச் செய்து, முதலில் ஒரு பம்பரமோ, அடுப்பங்கரைக்கு ஒரு மத்தோ கடைந்து பாருங்கள்.