திண்டுக்கல்லும் ஒரு லென்ஸும்

திண்டுக்கல்லுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டால் அவ்வூர்க் குழந்தைகூடச் சொல்லிவிடும். திண்டு போன்ற கல் இருப்பதனால் திண்டுக்கல். மதுரையிலிருந்து ரயிலில் போகிறவர்கள் ஊர் நெருங்கும் சமயம் ஜன்னல் வழியாகப் பார்த்தால், சமவெளியின் நடுவில் ஒரு ராட்சதன் சாய்ந்து கொள்வதற்காகப் போட்டு வைத்த திண்டைப் போலவே அந்தக் குன்று தோன்றும்.

இந்த ஊருக்குச் சென்ற வருஷத்தில் நான் இரண்டு தடவை போய் வந்தேன். முதல் தடவை தோல்வியுடன் திரும்பினேன். இரண்டு பிரயாணங்களுக்கும் நடுவில் எங்கள் வீட்டில் நடந்தது ஒரு பெரிய லென்ஸ் விசாரம். காமிரா வைத்திருக்கும் குடும்பங்களில் என்றைக்காவது ஒரு நாள் இந்த விசாரம் எழுந்தே தீரும். ஆகையால் என் அனுபவத்தை நேயர்களிடம் சொல்லி வைப்பது நல்லதென்று தோன்றுகிறது.

என்னிடம் படித்த பையன் ஒருவன் கோயமுத்தூரில் வேலையாயிருக்கிறான். அவனுடைய தகப்பனார் திண்டுக்கல்லில் பூட்டுத் தொழிலாளி. ஒரு நாள் அவன் டெலிபோனில் கூப்பிட்டு, "ஸார்! அப்பாவுக்குக் கண் மங்கி வருகிறது. தை பிறந்ததும் பட்டறையை மூடிவிடப் போகிறார். அவர் வேலை செய்கிற மாதிரி ஒரு படங்கூட எங்கள் வீட்டில் இல்லை. நீங்கள்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும்" என்றான். பள்ளிக்கூடத்து ஆண்டு விழாக்களில் நான் படம் எடுப்பதைப் பார்த்து, என்னை ஒரு நிபுணன் என்று அவன் நம்பியிருந்தான். அந்த நம்பிக்கையைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

புரட்டாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை புறப்பட்டேன். தோளில் பத்து வருஷத்துக் காமிரா. அதில் வாங்கும்போதே கூட வந்த 18-55 மில்லிமீட்டர் லென்ஸ்.

முதலில் கோட்டைக்கு ஏறினேன். 1605ஆம் ஆண்டில் மதுரை நாயக்க மன்னர் முத்துக் கிருஷ்ணப்பர் தொடங்கிய கோட்டை இது. பிற்பாடு ஹைதர் அலியின் கைக்கும் திப்புவின் கைக்கும் வந்தது. 1790இல் ஆங்கிலேயர் பிடித்துக் கொண்டார்கள். கணவரை இழந்து சிவகங்கையை விட்டு வந்த வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் தந்தது இந்தச் சீமைதான். அவருக்கு ஆதரவாக நின்ற விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர், வெள்ளையரை எதிர்த்த குற்றத்துக்காக 1801இல் இந்த ஊரிலேயே தூக்கிலிடப்பட்டார். இதையெல்லாம் நினைத்துக்கொண்டு படியேறினால் மூச்சு வாங்குவது கொஞ்சம் குறைகிறது.

உச்சியில் மூலவர் இல்லாத கோயில் ஒன்று நிற்கிறது. அங்கிருந்து பார்த்தால் கிழக்கே ஊர் முழுவதும் காலடியில் கிடக்கிறது. வீட்டுக் கூரைகளுக்கு நடுவே பேகம்பூர்ப் பள்ளிவாசலும் மாதா கோயிலும் தெரிகின்றன. தென்கிழக்கில் சிறுமலை, மேற்கே கொடைக்கானல் மலைகள் நீலமாய் எழும்பி நிற்கின்றன. 18இல் வைத்து ஊரைப் படம் பிடித்தேன், நன்றாகவே வந்தது. 55இல் வைத்துச் சிறுமலையைப் பிடித்தேன். மலை, மடித்து வைத்த கைக்குட்டை அளவுதான் வந்தது. "அடடா! தூரத்தை இழுக்கிற லென்ஸ் ஒன்று இருந்தால்!" என்று அப்போதே ஆசை பிறந்து விட்டது.

பிறகு கீழே இறங்கிப் பட்டறைக்குப் போனேன். திண்டுக்கல் பூட்டைப் பற்றித் தமிழ் நாட்டில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2019இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் பட்டம் வந்த அளவுக்கு வேலைக்குப் பிள்ளைகள் வரவில்லை. அலிகாரிலிருந்து இயந்திரத்தில் செய்த பூட்டுகள் மலிவாக வந்து குவிகின்றன. கையால் அரம் போட்டு, நெம்புகளை ஒவ்வொன்றாகப் பொருத்தி, அந்தப் பூட்டுக்கென்றே சாவி வெட்டுகிறவர்கள் குறைந்து கொண்டே போகிறார்கள்.

பட்டறை என்றால் எட்டடிக்குப் பத்தடி அறை. வாசற்படி வழியாக வருகிற வெளிச்சமும் ஒரு சிறு விளக்குந்தான். பெரியவர் கீழே உட்கார்ந்து மாங்காய்ப் பூட்டு ஒன்றுக்கு அரம் போட்டுக் கொண்டிருந்தார். நான் சுமார் நாற்பது படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தபோது தலையில் கை வைத்துக் கொண்டேன். சுவர் தெளிவு, ஆணியில் மாட்டிய சட்டை தெளிவு, பெரியவரின் முகங்கூட ஒருவாறு தெளிவு. கைகள் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் புகை போல ஏதோ இருந்தது. எந்தக் கைகளுக்காகப் போனேனோ அந்தக் கைகள் இல்லை!

உடனே புது லென்ஸ் வாங்கத் தீர்மானித்தேன். கையிலிருந்த பணம் ஒரு லென்ஸுக்குத்தான் போதும். "ஒன்றுதானே வாங்கப் போகிறீர்கள்? எல்லாவற்றுக்கும் ஆகிற மாதிரி வாங்கி விடுங்களேன்" என்றாள் என் மனைவி. இந்த யோசனையில்தான் சிக்கலே இருக்கிறது.

இங்கே சில விஷயங்களை விளக்கியாக வேண்டும். பழைய பிலிம் காமிராவில் ஒரு படச்சட்டம் 36 மில்லிமீட்டர் அகலம், 24 மில்லிமீட்டர் உயரம். நம்மில் பெரும்பாலோர் வைத்திருக்கும் காமிராக்களில் படத்தை வாங்கும் தகடு அதைவிடச் சிறியது. என் நிக்கானில் ஏறக்குறைய 23.5க்கு 15.6. பெரிய கோலத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்தாற்போல, லென்ஸ் காட்டும் காட்சியின் நடுவை மட்டுமே இது வாங்கிக் கொள்கிறது. ஆகையால் லென்ஸில் எழுதியிருக்கும் எண்ணை 1.5ஆல் பெருக்கிப் பார்க்க வேண்டும், கானனாயிருந்தால் 1.6. என் 18-55, பழைய கணக்கில் 27-82 ஆகிறது. பெரிய காமிராக்காரர்கள் போற்றும் 24-70 லென்ஸை இதில் மாட்டினால் 36-105 ஆகிவிடும். எட்டடி அறையில் அதை வைத்துக் கொண்டு நின்றால், பட்டறை முழுவதும் படத்தில் அடங்குவதற்கு நாம் சுவரைத் துளைத்துக்கொண்டு பின்னால் போக வேண்டும்.

அடுத்தது வெளிச்சம். லென்ஸின் மேல் 2.8 என்றும் 5.6 என்றும் போட்டிருப்பது அதன் வாசலின் அளவு. எண் சிறியதானால் வாசல் பெரியது. 50 மில்லிமீட்டரில் 2.8 என்றால் வாசலின் குறுக்களவு சுமார் 18 மில்லிமீட்டர், 5.6 என்றால் 9தான். குறுக்களவு இரு மடங்கானால் பரப்பு நான்கு மடங்கு. ஆகவே வெளிச்சமும் நான்கு மடங்கு. என் பழைய லென்ஸ் நீட்டிய நிலையில் 5.6க்கு மேல் திறக்காது. அதனால் பட்டறையில் கதவு 15இல் ஒரு பங்கு விநாடி திறந்திருந்தது. அதற்குள் பெரியவரின் அரம் பாதி தூரம் ஓடிவிட்டது. ஐ.எஸ்.ஓ.வை 1600க்கு மேல் ஏற்றலாமென்றால், என் கிழக் காமிராவில் படமெல்லாம் மணல் தூவினாற்போல் ஆகிவிடும். "நடுக்கம் தடுக்கும் வசதி இருக்கிறதே?" என்று கேட்பீர்கள். அது என் கை நடுக்கத்தைத் தடுக்கும். பெரியவர் கையை அது எப்படி நிறுத்தும்?

கடைசியில் இரண்டு லென்ஸ்கள் போட்டியில் நின்றன. ஒன்று, நிக்கானின் 18-200. தூரத்தை இழுப்பதில் சூரன். சிறுமலையைப் பக்கத்தில் கொண்டு வந்து விடும். ஆனால் நீட்டிய நிலையில் வாசல் 5.6தான். மற்றொன்று, ஸிக்மாவின் 17-50. தூரம் குறைவு, ஆனால் முதலிலிருந்து கடைசி வரையில் 2.8. வேடிக்கை என்னவென்றால், 18-200இன் இரண்டாம் பதிப்பும் இந்த 17-50உம் எடையில் ஒன்றே: 565 கிராம். ஒரே எடைக் கண்ணாடியைக் கொண்டு ஒருவர் தூரத்தை வாங்கியிருக்கிறார். மற்றொருவர் வெளிச்சத்தை வாங்கியிருக்கிறார். இரண்டையும் சேர்த்து வாங்க எந்தத் தொழிற்சாலைக்கும் வழி தெரியவில்லை.

இந்தக் குழப்பத்தில் எனக்குக் கைகொடுத்தது பழைய படங்கள்தான். ஒவ்வொரு படத்திலும், எத்தனை மில்லிமீட்டரில் எடுத்தது என்பதைக் காமிராவே குறித்து வைக்கிறது. நானும் என் பெண்ணும் இரண்டு இரவு உட்கார்ந்து நாலைந்து வருஷப் படங்களைப் புரட்டினோம். வீட்டில் பிரேம் போட்டு மாட்டியவை, உறவினர் கேட்டு வாங்கிப் போனவை ஆகியவற்றில் பாதிக்கு மேல் 18க்கும் 35க்கும் நடுவில் எடுத்தவை. கல்யாணக்கூடம், சமையலறை, வகுப்பறை என்று அனேகமாக எல்லாம் கூரைக்குக் கீழே எடுத்தவை. கெட்டுப்போனவற்றில், தூரம் போதாமல் கெட்டவை சில. வெளிச்சம் போதாமல் கெட்டவை பல. என் மனம் சிறுமலைக்கு ஏங்கினாலும், என் வாழ்க்கை அறைக்குள்தான் நடக்கிறது என்பது தெரிந்து விட்டது.

மற்றவர்களுக்கும் இதுவே சரி என்று நான் சொல்ல மாட்டேன். என் மைத்துனர் விளையாட்டுப் போட்டிகளையும் தேர்த் திருவிழாக்களையும் வெயிலில் எடுக்கிறவர். அவருக்கு 18-200தான் பொருத்தம். பணம் குறைவாயிருந்தால் பழைய 18-55ஐ வைத்துக்கொண்டு, வாசல் பெரிதான 35 மில்லிமீட்டர் நிலை லென்ஸ் ஒன்றைச் சேர்த்துக் கொள்வது மலிவான வழி. இரும்புத்தூள் பறக்கும் பட்டறையில் லென்ஸை மாற்றப் பயந்துதான் நான் அதை விட்டேன். புதிதாக மிர்ரர்லெஸ் காமிரா வாங்குகிறவர்கள் பாக்கியசாலிகள். 2021இல் வந்த ஸிக்மா 18-50, வாசல் 2.8ஆக இருந்தும் ஸோனிக் காமிராவுக்கானது 290 கிராமுக்குள் அடங்கி விட்டது.

நான் வாங்கியது ஒருவர் உபயோகித்த லென்ஸ். அப்படி வாங்குகிறவர்கள் மூன்று சோதனைகளைச் செய்ய வேண்டும். டார்ச் விளக்கை உள்ளே அடித்து, சிலந்தி வலை போல் பூசணம் படர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம் ஊர் மழைக்காலம் கண்ணாடிக்குப் பொல்லாதது. கீழ்நோக்கிப் பிடித்தால் குழல் தானே சரிந்து நீளுகிறதா என்று பார்க்க வேண்டும். செங்கல் சுவர் ஒன்றை நேராகப் படம் எடுத்து, நான்கு மூலைகளும் ஒரே மாதிரி தெளிவாயிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

கார்த்திகை மாதத்தில் மறுபடியும் திண்டுக்கல்லுக்குப் போனேன். பெரியவர் லென்ஸைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் ஆகிற லென்ஸ் தேடி அலைந்த கதையைச் சொன்னேன். அவர் சிரித்து, "ஒரு பூட்டுக்கு ஒரு சாவிதான் ஸார் நான் வெட்டுவேன். எல்லாப் பூட்டையும் திறக்கிற சாவி வேண்டுமென்றால் திருடனிடம் அல்லவா கேட்க வேண்டும்?" என்றார்.

அன்று கதவு 60இல் ஒரு பங்கு விநாடி. அப்போதும் அரம் ஓடும்போது எடுத்தவை சற்றுக் கலங்கியே வந்தன. பிறகு அவருடைய வேலையின் தாளத்தைக் கவனித்தேன். முன்னே தள்ளி, பின்னே இழுப்பதற்கு முன்னால் கை ஒரு கணம் நிற்கிறது. அந்தக் கணத்தில் எடுத்தேன்.

படத்தைக் காமிராவிலேயே பெரிதாக்கிக் காட்டினேன். பெரியவர் அதைக் கண்ணருகில் பிடித்துக் கொண்டு வெகுநேரம் பார்த்தார். தழும்பும் கரியும் ஏறிய கட்டை விரலில் இரும்புத்தூள் ஒவ்வொன்றும் தெரிந்தது.

"அரம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது" என்றார். பிறகு பூட்டை எடுத்து, அந்த இடத்தை இன்னும் இரண்டு இழுப்பு இழுத்துச் சரி செய்தார்.

ரயில் புறப்பட்டபோது சிறுமலை ஜன்னலில் நீலமாய்த் தெரிந்தது. காமிராவைப் பையிலிருந்து எடுக்காமல் அதைப் பார்த்துக் கொண்டே வந்தேன்.