ராஜபாளையத்தில் பார்த்த தரை

நாய்க்குட்டி வாங்க ராஜபாளையம் போனவள், குட்டியைப் பற்றிப் பேசாமல் தரையைப் பற்றியே பேசிக்கொண்டு திரும்பினேன் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். ஆனால் அதற்குக் காரணம் இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் வீட்டுக்கு ஒரு குட்டி வந்தது. மூன்று மாதம் முடிவதற்குள் வாந்தியும் ரத்தபேதியுமாய்க் கிடந்து, நாலாம் நாள் கண்ணை மூடிவிட்டது. பார்வோ என்ற வைரஸ் நோய் என்றார் மிருக டாக்டர். "இந்தக் கிருமி மண்ணிலே ஒரு வருஷம்கூடத் தங்கும் அம்மா. உடனே அந்த இடத்தில் வேறு குட்டியை விட்டுவிடாதீர்கள்" என்று எச்சரித்தார். அன்று முதல் என் பெண் கொல்லைப் பக்கம் போவதையே விட்டுவிட்டாள். "இன்னொன்று வாங்கி அதையும் சாகக் கொடுக்கணுமா, அம்மா?" என்று அவள் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை.

ராஜபாளையத்தில் என் பெரியம்மாவின் பெண் இருக்கிறாள். "இங்கே தலைமுறை தலைமுறையாய் நாய் வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். வந்து கேட்டுப் பாரேண்டி" என்று டெலிபோனில் சொன்னாள். இரவு சென்னையில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறிவிட்டோம்.

விடிகிற வேளையில் ஸ்ரீவில்லிபுத்தூர். "பால்கோவா!" என்று இவர் துள்ளி எழுந்தார். வண்டி கொஞ்ச நேரந்தான் நிற்கும் என்று சொல்லி உட்கார வைத்தேன். அடுத்து ராஜபாளையம். மேற்கே பார்த்தால் மேற்குத் தொடர்ச்சி மலை நீலச் சுவராக நிற்கிறது. ஊருக்குள் பஞ்சாலைகள், பக்கத்துச் சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிக் கட்டுத் துணி நெய்கிறார்கள். அடிபட்டால் நமக்குக் கட்டுப் போடுகிற துணி இந்தப் பக்கத்திலிருந்தும் வருகிறது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஊர்ப் பெயரையே தன் பெயராகக் கொண்ட நாயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பால் வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு, தோள் வரை இரண்டடிக்கு மேல் உயரம். 2005-ஆம் வருஷம் தபால் இலாகா நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது இதுவும் அதில் இடம்பெற்றது.

அக்கா எங்களை ஒரு பெரியவர் வீட்டுக்கு அழைத்துப் போனாள். நான் குட்டிகளை நோக்கி ஓடினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நாயைப் பார்க்கிறதுக்கு முந்தி அது நிக்கிற தரையைப் பாருங்க, தாயி."

பார்த்தேன். சுவர் ஓரமாக ஒரு சிமெண்டுப் பாத்தி. அதற்கப்பால் வேப்ப மரத்தடியில் இடித்துக் கெட்டித்த செஞ்சரளை. ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்கவில்லை, நாற்றமும் இல்லை.

"முழுக்கச் சிமெண்டே போட்டுவிடலாமே, கழுவச் சுலபம்?" என்றேன்.

"கழுவலாம். ஆனா இதுக்குத் தோல் மெலிசு. எந்நேரமும் சிமெண்டுலே படுத்தா முழங்கை காய்ச்சுப்போகும். மத்தியான வெயிலிலே உங்க புறங்கையை அதிலே வச்சு ஏழு எண்ணுங்க. வைக்க முடியலேன்னா நாயும் அதிலே நிக்க முடியாது."

கடப்பைக் கல் சிமெண்டைவிட மோசம், சூட்டை விடாது. உடைத்த ஜல்லி பாதத்தைக் கிழிக்கும். சின்னக் கூழாங்கல்லைக் குட்டிகள் விழுங்கிவிடும். புல்லில் உண்ணி ஏறும். மழைக்குச் சேறாகி விரலிடுக்கில் புண் வரும். ஈர மணலிலோ கொக்கிப் புழு வளரும்; அது நாயின் பாதத்தில் மட்டுமல்ல, வெறுங்காலோடு விளையாடும் குழந்தையின் தோலிலும் ஏறிவிடும். இப்படி ஒவ்வொன்றாய் அவர் சொல்லச் சொல்ல, நான் மனத்துக்குள் அடித்துக்கொண்டே வந்தேன்.

எங்கள் வீட்டில் நடந்ததையும் சொன்னேன். பெரியவர் சற்று நேரம் பேசவில்லை.

"மண்ணைக் கழுவ முடியாது, தாயி. அதான் குட்டிக்குச் சிமெண்டு, வளர்ந்ததுக்குச் சரளை. தரையைப் போட்டுட்டு வாங்க. அப்புறம் குட்டி தர்றேன்" என்றார்.

வெறுங்கையோடு திரும்பினோம். ரயிலிலேயே கணக்குப் போட்டேன்.

மறு வாரம் கொத்தனார் வந்தார். சுவரோரம் நாலடி அகலத்துக்குச் செங்கல் ஜல்லி கொட்டி இடித்து, மேலே மூன்று அங்குலம் கான்கிரீட். பத்தடிக்கு இரண்டு அங்குலம் வாட்டம், கோடியில் ஓர் உறிஞ்சு குழி. "மேலே வழுவழு என்று பூசி விடட்டுமா, அம்மா?" என்றார். வேண்டாம் என்றேன், வழுக்கினால் நாயின் இடுப்பு போய்விடும். ஈரத்தோடு துடைப்பத்தால் கோடு இழுக்கச் சொன்னேன். ஏழு நாள் தண்ணீர் கட்டினோம்.

மர நிழலில் பழைய மண்ணை அரையடி வெட்டி அள்ளிவிட்டு, செஞ்சரளையைக் கொட்டி, தண்ணீர் தெளித்து, திமிசுக் கட்டையால் இடித்தோம். இவர் பத்து இடி இடித்துவிட்டு, "நாய்க்கு இவ்வளவா!" என்று முதுகைப் பிடித்துக்கொண்டார். மீதியைப் பெண் இடித்தாள். ஆமாம், அவளேதான்!

குட்டி வந்தது. டாக்டர் சொன்னபடி மூன்று நான்கு வாரத்துக்கு ஓர் ஊசியாக, 16 வாரம் வரை போட்டோம். அதுவரை அதற்குச் சிமெண்டுப் பாத்திதான் உலகம். படுக்க மேலே மடித்த சாக்கு. தினமும் அழுக்கைக் கழுவித் தள்ளிய பிறகு, ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிஷம் ஊறவிட்டு அலசினோம். அழுக்கின்மேல் ஊற்றினால் மருந்து பலிக்காது. காயும் வரை குட்டி உள்ளே இருக்கும்.

கடைசி ஊசி போட்டு இரண்டு வாரம் கழிந்தது. ஒரு சாயங்காலம் என் பெண் குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வேப்ப மரத்தடிக்குப் போனாள். முதலில் குனிந்து சரளையைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தாள். ஏழு எண்ணினாள். பிறகு குட்டியை இறக்கிவிட்டாள்.

அது ஓடிய ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!